சுண்ணாம்புக்குள்ளிருந்து வந்த கைகள்

அம்மனை நம்பும் என் உடன்பிறப்புகளே, என் வலது கையில் இப்போது கட்டைவிரல் ஒன்றுதான் மிச்சம். மற்ற நான்கும் ஒரு மாசி மாதக் காலையில், மூலக்குளத்துச் சாலையில் போய்விட்டன. இதை இடது கையால் எழுதுகிறேன். இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்து அச்சுக் கோர்ப்பவர் என்னைத் திட்டாமல் இருந்தால் சரி.

சோரியாங்குப்பத்தில் கரும்பு ஆட்டும் கொட்டகையில் நான் பதம் பார்ப்பவன். கொப்பரையில் சாறு கொதித்துப் பாகாகும்போது, விரலைத் தண்ணீரில் நனைத்துப் பாகைத் தொட்டு, உருட்டிப் பார்த்து, "இறக்கு" என்று சொல்ல வேண்டும். முந்தினால் வெல்லம் கட்டாது. பிந்தினால் கருகிவிடும். எட்டு ஊர்க் கரும்புக்காரர்கள் என் விரலை நம்பித்தான் அடுப்பு மூட்டினார்கள். கூலியாக வெல்லமும் நெல்லும் கொடுப்பார்கள். எழுதி வைக்கும் வழக்கம் கிடையாது.

அன்று வெல்லம் ஏற்றிய மாட்டு வண்டியில் புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் மாடுகள் ஓரமாகத்தான் போயின. பின்னால் வந்த மோட்டார் பஸ் எங்களை முந்தப் பார்த்து வண்டியோடு உரசியது. வண்டிச் சட்டத்தைப் பிடித்திருந்தது என் வலது கை. வலி தெரியவில்லை. மண்ணில் ஒரு விரல் கிடந்தது. 'ஐயோ, யாருடையதோ' என்று பதறினேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

வழக்குப் போட்டோம். தப்பு பஸ்காரர் மேல்தான் என்று முதல் கோர்ட்டிலேயே தீர்ப்பாயிற்று. ஆனால் நஷ்டம் எவ்வளவு என்று வந்தபோதுதான் இடி விழுந்தது. உடைந்த வண்டிச் சக்கரத்துக்குப் போட்ட தொகையும் என் கைக்குப் போட்ட தொகையும் ஏறக்குறைய ஒன்று. பஸ் முதலாளியின் வக்கீல் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"வெல்லம் காய்ச்சறதுக்கு வெரலு எதுக்குப்பா? கரண்டி போதாதா?"

கோர்ட்டே சிரித்தது. நான் எப்போதாவது கூப்பிட்டால் போகிற கூலியாள் என்று எழுதிவிட்டார்கள். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். அடுத்த போகத்துக்குள் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான் என்று நானும் என் மனைவி செங்கேணியும் பேசி முடித்துவிட்டோம்.

என் வக்கீல் விடவில்லை. அப்பீல் போட்டார். "ஏழுமலை, தப்பு யாருதுன்ற பேச்சு முடிஞ்சுபோச்சு. இனிமே உன் கை வருசம் முச்சூடும் உழைச்சுதான்னு காட்டணும். வாயால சொன்னா எடுபடாதுப்பா" என்றார். அன்று அவரிடம் பேச்சோடு பேச்சாக எங்கள் கொட்டகை வழக்கம் ஒன்றைச் சொன்னேன். தினமும் முதல் கொப்பரை இறங்கியதும், பதம் பார்த்தவன் மஞ்சளைக் குழைத்து வலது கையில் பூசி, அம்மன் கல்லுக்குப் பின்னால் உள்ள சுவரில் பதிப்பான். நாளுக்கு ஒரு கை. கூரை மாற்றும் வருஷம் வரை அதை யாரும் அழிப்பதில்லை. என் கை போனபின் அங்கே அடுப்பே மூட்டவில்லை. அவர் அதைப் பிடித்துக்கொண்டு மனு போட்டது எனக்குத் தெரியாது. எனக்கு வந்த சேதி இவ்வளவுதான்: வெள்ளிக்கிழமை காலை ஜட்ஜ் துரை கொட்டகையைப் பார்க்க வருகிறார்.

துரை வருகிறார் என்றால் நம் ஊரில் என்ன செய்வோம்? அதையே செய்தோம். விடியும் முன்னே செங்கேணி சுண்ணாம்பைக் கரைத்து, உள்ளே நாலு சுவருக்கும் அடித்துவிட்டாள். நான் வாசலில் நின்று, "இன்னொரு தடவ அடி, கரி தெரியுது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வக்கீல் முன்னதாக வந்தார். உள்ளே போனவர் அப்படியே நின்றார்.

"சொவரு எங்கப்பா?"

"இதோ நிக்குதே சார்."

"கையெல்லாம் எங்கய்யா?"

"தொர வர்ற எடம், கரி அப்பிக் கெடந்தா நல்லாவா இருக்கும்? பளிச்சுன்னு ஆக்கிட்டேன் பாருங்க" என்றாள் செங்கேணி.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். துரை வருவதே அந்தக் கைகளை எண்ணிப் பார்க்கத்தான் என்று பிறகுதான் சொன்னார். மூன்று போகத்து உழைப்பை என் சொல்லாலேயே அழித்திருக்கிறேன். அம்மன் கல்லின் முன் விழுந்தேன். கும்பிட இரண்டு கையும் சரியாகச் சேரவில்லை. "அம்மா, நான் பொய் சொல்றவன் இல்லைன்னு நீயாவது சொல்லு" என்று மட்டும் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆகையால் அம்மனுக்கு ஊற்றுவதற்கு ஒரு குடம் தண்ணீர் இருந்தது. செங்கேணிக்கு என்ன தோன்றியதோ, குடத்தைத் தூக்கித் தண்ணீரை அம்மனுக்குப் பின்னால் உள்ள சுவரின் மேல் வீசினாள். ஈரச் சுண்ணாம்பு வழிந்தது. அடுத்த கணம், "ஐயோ, ரத்தம்யா!" என்று அலறினாள்.

சுவர் முழுக்கச் சிவந்த கைகள். வரிசை வரிசையாக, ஐந்து விரலோடு. வெளியே மோட்டார் வந்து நின்றது. துரையோடு எழுத்தரும், அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷியும், எதிர் வக்கீலும் இறங்கினார்கள். உள்ளே காலெடுத்து வைத்த துரை ஓர் அடி பின்வாங்கினார்.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நாங்கள் அடித்த சுண்ணாம்பு கைகளை மூடித்தான் வைத்திருந்தது. சரியான நேரத்தில் அந்தக் குடத்தைத் தூக்க வைத்தது யார்? அதைத்தான் நான் கேட்கிறேன்.

எழுத்தர் கைகளை எண்ணத் தொடங்கினார். எதிர் வக்கீல் விடவில்லை. "இது எவன் கையோ, இவன் கைன்னு எப்படி?" என்றார். துரை ஏதோ சொன்னார். துபாஷி என்னிடம், "உன் கைய அது மேல வைய்யி" என்றார்.

கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன். சுவரில் இருந்த ஒரு கையின் மேல் வைத்தேன். இளவயதில் பாகு தெறித்து என் உள்ளங்கையில் ஒரு குழி உண்டு. அங்கே மஞ்சள் ஒட்டாது. சுவரில் இருந்த ஒவ்வொரு கையிலும் அதே இடம் வெறுமையாக இருந்தது. கட்டைவிரல் பொருந்தியது. உள்ளங்கை பொருந்தியது. அதற்கு மேலே என்னிடம் இல்லாத நான்கு விரல்கள் சுவரில் இருந்தன.

யாரும் சிரிக்கவில்லை. துரை தொப்பியைக் கழற்றிவிட்டு மெல்ல ஏதோ சொன்னார். துபாஷி அதை மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்பீல் எங்கள் பக்கம் தீர்ந்தது. ஊரை விட்டுப் போகவில்லை. சொந்தமாக ஒரு கரும்பு ஆலையும் ஒரு ஜோடி மாடும் வாங்கினோம். இப்போது செங்கேணிதான் பதம் பார்க்கிறாள். "பொம்பள தொட்டா வெல்லம் கட்டுமா?" என்று கேட்டவர்களே இன்று முறை போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் நான் வேலை அவசரத்தில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஓடுகிறவன். இப்போது கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

உங்களிலும் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நிரூபிக்க வழி தெரியாமல் நிற்பவர்கள் இருப்பீர்கள். அதை நாமே கெடுத்துக்கொண்டோமே என்று வெட்கப்பட்டும் நிற்பீர்கள். அந்த வெட்கத்தோடேயே அவளிடம் போங்கள். நான் அப்படித்தான் போனேன். என்னை அவள் திருப்பி அனுப்பவில்லை.