குடியுரிமை என்ற கட்டம்

கல்லூரி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தில் குடியுரிமை என்ற கட்டத்தை யோசிக்காமல்தான் நிரப்பினேன். இந்தியா. இரண்டு வயதிலிருந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவள் வேறு எதை எழுதுவாள்? அப்பா அமெரிக்காவில் வேலை பார்த்தபோது பிறந்ததால், எனக்கு அந்நாட்டு பாஸ்போர்ட்டும் இங்கே தங்குவதற்கு ஓர் அட்டையும் இருந்தன. பீரோவில் கிடக்கும் காகிதங்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

தேர்வானவர்கள் பட்டியலில் என் பெயர் வந்தது. அந்த மாதம்தான் ஜீடிமெட்லாவில் அப்பா வேலை பார்த்த மருந்துத் தொழிற்சாலையை மூடியிருந்தார்கள். நான் இன்ஜினியரிங் சேர அந்த உதவித்தொகையைத்தான் நம்பியிருந்தோம்.

சான்றிதழ் சரிபார்க்க அப்பாவுடன் போனேன். அங்கிருந்த பெண் அலுவலர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; ‘எதுக்கு’ என்பதை அந்த ஊர் உருது கலந்து ‘கைக்கு’ என்பவர். பிறப்புச் சான்றிதழைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“நீ அமெரிக்கா சிட்டிசன். இதுக்கு கைக்கும்மா அப்ளை பண்ணே? இது இண்டியன் சிட்டிசனுக்கு மட்டும்தான்.”

அப்பாவின் முகம் அவரை என்னவோ செய்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். “ஆதார் இருக்குல்ல. இந்த சர்டிபிகேட்ட நான் பாக்கல. இண்டியன்னு ஒரு அஃபிடவிட் கொண்டாங்க, போதும்.”

வெளியே நோட்டரி மேசையில் அது அச்சாகி வந்தது. அப்பா பேனாவை நீட்டினார்.

“அப்பா, இது பொய்யில்லா?”

“இங்கதானட்டி வளந்தே. இதுல என்ன பொய்?”

“மாட்டுனா என் அட்டையவே ரத்து பண்ணிருவாங்க. அப்புறம் நான் எங்க போவேன்?”

“ஒன்ன அங்க பெத்தது எங்க தப்புதான்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் கையெழுத்துப் போடவில்லை.

அமெரிக்காவில் படித்தால் அந்த அரசு உதவும் என்றார்கள். அங்கே எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. உதவி போக மீதிச் செலவுக்கும் வழியில்லை. இந்தியக் குடியுரிமை கேட்கலாமென்றால் அதற்குப் பல வருடங்கள் ஆகும் என்றார்கள். இரண்டு நாடுகளும் எனக்கு இருந்தன. ஒன்றிலும் நுழைய முடியவில்லை.

பேகம்பேட்டில் ஒரு சின்னக் கல்லூரியில் கணிதம் சேர்ந்தேன். அப்பாவுக்கு நாச்சாரத்தில் குறைந்த சம்பளத்தில் வேலை கிடைத்தது. பல மாதங்கள் அவர் என்னிடம் அளவாகத்தான் பேசினார்.

மறுவருடம் அட்டையைப் புதுப்பிக்க லீவு போட்டு என்னுடன் வந்தார். வரிசையில் நிற்கும்போது, “நீ கையெழுத்துப் போடாதது நல்லதுதான். எனக்குத்தான் அன்னைக்கு வேற வழி தெரியல” என்றார்.

வேறு வழி எனக்கு இன்றும் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.