டீச்சர் காருக்கு வேற கம்பெனி கியர்பாக்ஸ்

மெக்கானிக் தொழிலில் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் போதும். "இதெல்லாம் ஆகாதுப்பா" என்று சுற்றி நின்று சொல்பவர்களைப் பொறுத்துக்கொள்ள ஆயுசு போதாது. கையில் கிரீஸோடு இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மலை மேலே செம்மேட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஜீப்பும் பவர் டில்லரும்தான் தினப்படி வேலை. போன வருஷம் ஸ்டெல்லா டீச்சர் கார் வந்தது.

ஆகாத வண்டி

டீச்சர் திண்டுக்கல் பக்கம். இதே மலையில் வளப்பூர் நாடு என்கிற ஊர்த் தொகுப்பில் அரசுப் பள்ளியில் வேலை. சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. அதனால் கிளட்ச்சைக் கையால் பிடிக்கிற மாதிரி தனியாக ஒரு கார் செய்து வாங்கியிருந்தார். எஞ்சின் பின்பக்கம், பைபர் பாடி, இரண்டே சீட்டு. செய்து கொடுத்தவர் துபாய் போய்விட்டார். கார் மலை ஏறும்போது பாதி வழியில் கியர்பாக்ஸ் பல் உதிர்ந்து நின்றுவிட்டது. அந்த கியர்பாக்ஸைச் செய்த கம்பெனி அந்தப் பெட்டி தயாரிப்பதையே நிறுத்தி வெகுகாலம் ஆகிறது.

கீழே மூன்று ஊரில் விசாரித்தேன். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் எடைக்குப் போடச் சொன்னார்கள். டீச்சரின் பள்ளிக்கூடத்திலோ, வண்டியை விட்டுவிட்டுச் சமவெளிக்கு மாற்றல் கேட்கச் சொன்னார்களாம். நான் தயங்கித் தயங்கி, "வேற கம்பெனி பெட்டி ஒண்ணு இருக்குதுங்க. முதல் கியர் நல்லா இழுக்கும், மலைக்குத் தோதா இருக்கும். ஆனா இந்த எஞ்சினுக்குப் பொருந்தாதுங்க" என்றேன். டீச்சர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நானும்தான் இந்த மலைக்குப் பொருந்த மாட்டேன்னாங்க. பதினோரு வருஷம் ஆச்சு. நீங்க ஆரம்பிங்க அண்ணே."

முடி அளவு

ஆர்.டி.ஓ. ஆபீஸில் முறைப்படி எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கிக்கொண்டுதான் கை வைத்தேன். எஞ்சின் முகத்தில் இருக்கிற போல்ட் துளை ஒன்றுகூட புதுப் பெட்டியில் இருக்கிற துளையோடு சேரவில்லை. நடுவில் ஒரு அலுமினியத் தட்டு வைத்து இரண்டையும் இணைக்க வேண்டும். பழைய காலண்டர் அட்டையில் இரண்டு பக்கத் துளைகளையும் மை தடவி ஒற்றி எடுத்து, சேந்தமங்கலம் லேத்துக்குக் கொண்டுபோனேன். கிளட்ச் பிளேட்டிலும் தகராறு. ஒரு கம்பெனி பிளேட்டின் நடுப்பகுதியை வெட்டியெடுத்து இன்னொன்றில் ரிவிட் அடித்தோம்.

பூட்டி ஸ்டார்ட் செய்தால் கிரைண்டரில் கல் விழுந்த சத்தம். தட்டு மையத்திலிருந்து ஒரு முடி அளவு விலகியிருக்கிறது. பேரிங் போய்விட்டது. இரண்டு வார உழைப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது, போனில் டீச்சரிடம் தோற்றுவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் மறுநாள் சனிக்கிழமை பஸ் பிடித்து நேரிலேயே வந்து, தட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கணக்கு தப்பாப் போட்ட பிள்ளையை நான் வீட்டுக்கு அனுப்பறதில்லை. அழிச்சிட்டு மறுபடி போடச் சொல்லுவேன். போடுங்க."

நாலும் ஒன்றும்

இரண்டாவது தட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. சத்தமே இல்லை. பெருமை தாங்காமல் டீச்சர் வருவதற்குள்ளேயே ஓட்டிப் பார்க்கலாம் என்று வண்டியில் ஏறி, முதல் கியர் போட்டேன். வண்டி பின்னால் போய்க் கதவோரம் இருந்த ஆயில் டின்களை உருட்டியது. இரண்டாவது போட்டேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. ரிவர்ஸ் போட்டால் மட்டும் சாதுவாக முன்னால் வந்தது.

அந்தப் பெட்டி முன்னால் எஞ்சின் இருக்கிற வண்டியில் இருந்தது. இங்கே எஞ்சின் பின்னால். பெட்டியைத் திருப்பி வைத்ததில் சக்கரம் சுற்றுகிற திசையும் திரும்பிவிட்டது. உள்ளே இருக்கிற பெரிய பல் சக்கரத்தை எடுத்து எதிர்ப்பக்கம் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். அந்த வேலை தெரியும், ஆனால் செய்ய மறந்த வெட்கம் தெரியக் கூடாதே என்று சுற்றிலும் பார்த்தேன். டில்லர் ரிப்பேருக்கு வந்திருந்த மிளகுத் தோட்டக்காரர் முத்துசாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, பொறத்தால போறதுக்கு நாலு கியரு, முன்னால போறதுக்கு ஒண்ணுங்களா? டீச்சர் வேலைய உட்டுப்போட்டு ஊருக்குப் போறாங்களாக்கும்?"

ஆய்வு

பல் சக்கரத்தை மாற்றிப் போட்டபின், கீழே ஆர்.டி.ஓ. ஆய்வுக்குக் கொண்டுபோனோம். அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து தட்டைப் பார்த்தார், போல்ட்டுகளைப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறினார். கைக் கிளட்ச் அவருக்குப் பழக்கமில்லை. மூன்று முறை அணைந்தது. "வண்டி சரியில்லை" என்றார்.

டீச்சர் அவரைப் பக்கத்து சீட்டுக்கு நகரச் சொல்லிவிட்டுத் தானே ஏறினார். மைதானத்தை இரண்டு சுற்று சுற்றினார். மூன்றாவது சுற்றில் மேட்டில் நிறுத்தி எடுத்துக் காட்டினார். நாலாவது சுற்று எதற்கென்று எனக்கே தெரியவில்லை. அதிகாரி கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வண்டி நல்லா இருக்கு டீச்சர், கையெழுத்துப் போட்டுடறேன். என்னை மட்டும் இறக்கி விட்டுடுங்க."

மலை

அன்றைக்கே மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறினோம். எழுபது வளைவு. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு கருங்கல்லை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் தட்டு, என் ரிவிட். எது விட்டாலும் அந்தப் பக்கம் பள்ளம். 

நாற்பது வளைவு தாண்டியிருப்போம். செங்குத்தான திருப்பத்தில் மேலேயிருந்து பஸ் இறங்கியது. நின்றாக வேண்டும். நின்றால், அந்த ஏற்றத்தில் மறுபடி எடுக்க வேண்டும். பழைய பெட்டி உயிரை விட்டது இப்படி ஒரு திருப்பத்தில்தான். டீச்சர் பிரேக் போட்டார், பஸ்ஸும் ஒதுங்கி நின்றது. நான் கல்லோடு கதவைத் திறந்தேன். "உட்காருங்க அண்ணே" என்றார் டீச்சர், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். கிளட்ச்சைப் பாதி விட்டார். வண்டி ஒருமுறை நடுங்கியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். ஒரு அங்குலம்கூட பின்வாங்கவில்லை. இழுத்துக்கொண்டு மேலே போனது. என் கண் கலங்கியதை அவர் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பஸ் பக்கம் வந்ததும் டிரைவர் தலையை நீட்டி, "ஏனுங்க, இது எந்தக் கம்பெனி வண்டிங்க?" என்று கேட்டார். டீச்சர் கியரை மாற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

"எங்க கம்பெனி!"

ஆக, என்னோடு சேர்ந்து அவதிப்படுகிற தொழில்காரர்களே, ஒரு கம்பெனி எஞ்சினுக்கும் இன்னொரு கம்பெனி கியர்பாக்ஸுக்கும் கல்யாணம் பண்ணிவைப்பது பெரிய காரியமே இல்லை, பந்தலில் நின்று பொருத்தம் சரியில்லை என்கிறவர்களுக்குக் காது கொடுக்காமல் இருப்பதுதான் வேலை.