மாமனார் பேசினார்

எங்கள் வீட்டில் மாமனார் மருமகளிடம் நேராகப் பேசும் வழக்கமில்லை. கணவர் துபாயில் இருந்ததால், நிறைமாதப் பரிசோதனைக்குப் பாபநாசம் ஆஸ்பத்திரிக்கு மாமனாரே என்னை அழைத்துவந்தார்.

வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸின் முகம் மாறியது.

“புள்ள அசையவே இல்லீங்க. தூங்குதா என்னன்னு தெரியல. யாராவது சத்தமாப் பேசிப் பாருங்க.”

பயத்தில் நான் வயிற்றை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். திரைக்கு வெளியே நின்ற மாமனார் உள்ளே வந்தார். வயலுக்குப் புறப்படும் முன் தினமும் வீட்டையே எழுப்பிவிடும் அந்தக் குரலில், “வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு, எந்திரி தங்கம்!” என்றார்.

வயிற்றுக்குள் ஓர் உதை. மெஷினில் துடிப்பு ஏறியது. நர்ஸ் சிரித்துவிட்டார்.

திரும்பும்போது ஆட்டோவில் மாமனார் என் வயிற்றைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “தங்கம், ஒங்கம்மாவ பயப்பட வேணாம்னு சொல்லு.”

அதைவிட நேராக என்னிடம் இதுவரை யாரும் பேசியதில்லை.