தூணுக்காக வழக்காடிய மரியநாயகம் அண்ணை

ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் மரியநாயகம் அண்ணை மாரடைப்பால் போய்விட்டார் என்று சுவிஸின் ஓல்டன் நகரிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். அழுதேன். இத்தனை காலம் என் பொறுமையைச் சோதித்த மனுஷன் சொல்லாமல் கொள்ளாமல் போனதில் எரிச்சலும் வந்தது.

அவரோடு நீதிமன்றம் போனவர்களுக்குத் தெரியும். எங்கள் தமிழ்ச் சனத்தின் வழக்குகளுக்கு மொழிபெயர்க்கத்தான் அவரைக் கூப்பிடுவார்கள். அவரோ அந்தப் பழைய கட்டடத்தைப் பார்க்கத்தான் வருவார். மன்னாரில் கட்டட வரைபடம் கீறியவர், கல்லைக் கண்டால் ஆளை மறந்துவிடுவார். "பிள்ளை, இது முந்தித் தானியக் களஞ்சியம். சுவரின்ர தடிப்பைப் பார். நெல்லுக்குக் கட்டினதிலதான் நீதவான் இருக்கிறார்" என்று வாசலிலேயே தொடங்குவார். இந்த ஊரில் நெல் ஏது என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கதை வரும்.

என் தம்பி ராசன் உணவகச் சமையலறையில் தலைமைச் சமையற்காரரை அடித்தான் என்று வழக்கு. உண்மையில் அடித்தது அவர், இவன் தடுத்தது மட்டும்தான். குற்றவாளி என்று தீர்த்தால் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நாங்கள் செத்துக்கொண்டிருந்தோம். ஊரில் இராணுவ முகாமில் பட்டதற்குப் பிறகு, மேசைக்குப் பின்னாலிருந்து யார் கேள்வி கேட்டாலும் ராசன் நடுங்குவான். அன்றும் வாய் திறக்கவில்லை.

நீதவான் திரும்பவும் கேட்டார். அண்ணை அதை மொழிபெயர்க்காமல், மண்டபத்தின் நடுவிலிருந்த கல் தூணைக் காட்டி, அது ஆதியில் இருந்ததல்ல, கூரை விட்டம் தொய்ந்த பிறகு கொடுத்த முட்டு என்று ஜெர்மன் மொழியில் சொன்னார். வீடு பற்றி எரியும்போது சுருட்டுக்கு நெருப்புக் கேட்ட கதைதான். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. நீதவானுக்கும் ரோசம் வந்துவிட்டது. எழும்பி வந்து, தூண் ஆதியிலேயே இருந்தது என்று தட்டிக் காட்டினார். அண்ணை குனிந்து அடிக்கல்லைக் காட்டினார். நீதவானும் குனிந்தார். இரண்டு பெரிய மனுஷர் நிலத்தைப் பார்த்து வாதாடுவதைக் கண்டு ராசன் சிரித்துவிட்டான்.

நீதவான் மேசைக்குத் திரும்பாமல் தூணடியில் நின்றபடியே, என்ன நடந்தது என்று அவனிடம் கேட்டார். ராசன் முழுவதையும் சொன்னான். விடுதலை கிடைத்தது.

"வேணுமெண்டே செய்தனீங்களோ அண்ணை?" என்று வெளியில் கேட்டேன்.

"என்னத்தை? அந்தாளுக்குத் தூணைப் பற்றி ஒண்டும் தெரியாது, பிள்ளை."

பஸ் வரும்வரை அதையே கதைத்தார். எனக்கு இன்றுவரை பதில் தெரியாது.

இப்போது அங்கே மொழிபெயர்ப்பது நான். கட்டடக்கலை எனக்கு விளங்காது. அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது, நேரங்கெட்ட நேரத்தில் வேறு கதை எடுக்கும் துணிச்சல்தான். போன கிழமை எங்கள் தமிழ்ப் பெண்ணொருத்தி பேச்சு வராமல் நின்றபோது, இந்த யன்னல்களை ஏன் இவ்வளவு உயரத்தில் வைத்தார்கள் என்று நீதவானிடம் கேட்டேன். அவர் எழும்பி வந்தார்.