திருநீறு பூசிய துவக்குப் பிடி

ஒரு துண்டு வால்நட் மரத்துக்காகக் கனடா என்னை நாடு கடத்திவிடும் என்று நான் நம்பினேன். பகிடிக்குச் சொல்லவில்லை. குடியுரிமைச் சான்றிதழைத் திருப்பிக் கேட்பார்கள், பாஸ்போட்டில் ஓட்டை போடுவார்கள், மனைவி, மகள், நான் மூன்று பேரையும் ஒரே வரிசையில் இருத்திக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அனுப்புவார்கள், அதிலும் எனக்கு நடு இருக்கைதான் தருவார்கள் என்பதுவரை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வயது ஐம்பத்திரண்டு. இருபத்து மூன்று வருசம் மொன்ட்ரியால் பனியில் விழுந்து எழும்பிய மண்டை. இருந்தும் நம்பியது.

அந்த மரத்துண்டை நான் முதலில் கண்டது செயின்ட்-மிஷேலில் உள்ள எங்கள் வீட்டுக் குசினியில், கழுவிக் கவிழ்த்த கோப்பைகளுக்கு நடுவே. டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் எனக்குப் பின்னேர வேலை. அதனால் காலையில் ஆறுதலாக எழும்புவேன். அன்றைக்கும் எழும்பி, அரைக்கண்ணில் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கக் கையை நீட்டினேன். கையில் வந்தது ஒரு துவக்கின் பிடி. கோப்பைதான் என்று நினைத்து அதற்குள் சீனி போடப் பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இத ஆரு இஞ்ச வெச்ச?" என்று கத்தினேன்.

"நான்தான் அப்பா. துடைச்சுக் காய வச்சனான்" என்றாள் மகள் ஆரணி, அறைக்குள் இருந்தபடி.

"யன்னலுக்கு நேரயா? ஆரும் கண்டா?"

"கண்டா என்ன? மரம் அப்பா அது. மரம்."

மரம்தான். ஆரணி பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருசம். ஒரு வருசமாகக் குறிபார்த்துச் சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். பத்து மீற்றர் தூரத்தில் ஒரு கடதாசி வட்டம். அதன் நடுவில் மிளகளவு ஈயக்குண்டைக் காற்றழுத்தத்தால் செலுத்த வேண்டும். துவக்கு கழகத்து அலுமாரியில் பூட்டிக் கிடக்கும். வீட்டுக்கு வந்தது, ஒரேயொரு திருகாணியைக் கழற்றினால் தனியே வந்துவிடுகிற மரப்பிடி மட்டும். அந்தத் துவக்கை அவள் கழகத்துக் கிழவர் ஒருவரிடம் வாங்கினாள். அவருடைய கை பலாக்காய். இவளுடையது கத்தரிக்காய். பிடி அவருடைய கைக்கு வெட்டப்பட்டது. இவள் பிடித்தால் சுழன்றது. பயிற்சி கொடுக்கிற ரெஜான் என்ற மனுசன் சொல்லிவிட்டாராம்: துவக்கைக் கடையில் வாங்கலாம், பிடியை வாங்க முடியாது, அவரவர் கைக்கு அரம் போட்டுத்தான் எடுக்க வேண்டும், இதைச் செய்ய மெஷினும் கிடையாது என்று. மூன்று வாரத்தில் போட்டி. அவளுக்கோ அதே மூன்று வாரமும் பல்கலைக்கழகத்தில் சோதனை.

"பின் பல்கனியில இருந்து ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் அராவினாக் காணும்" என்றாள்.

பின் பல்கனி! அதற்குக் கீழே சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் பதினெட்டு யன்னல், எண்ணி வைத்திருக்கிறேன். பதினெட்டு யன்னலுக்கும் முன்னால் என் பிள்ளை துவக்குப் பிடியை அராவிக்கொண்டிருப்பதா?

"கொண்டா, நான் செய்யிறன்" என்றேன். தகப்பனின் பாசம் என்று அவள் நினைத்தாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

பட்டறைக்கு நான் தெரிவு செய்த இடம் குளியலறை. யன்னல் இல்லை, கதவில் தாழ்ப்பாள் உண்டு. உள்ளே போய்ப் பூட்டி, காற்றாடியைப் போட்டு, சத்தம் கேட்காமலிருக்கத் தண்ணீரையும் திறந்துவிட்டு, கொமட்டின் மூடியில் குந்தியிருந்து அராவுவேன். முழங்காலுக்கு நடுவில் பிடி, மடியில் பழைய சாரத் துணி, பக்கத்தில் அரைவட்ட அரம், வட்ட அரம், மூன்று தரத்தில் அரத்தாள். வெங்காயம் வெட்டியே பழகிய கை. மரம் சொன்னபடி கேட்டது. எங்கே அராவ வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உள்ளங்கையில் சோக்கட்டித் தூளைப் பூசிக்கொண்டு ஆரணி பிடியைப் பிடிப்பாள். கையை எடுத்தால், மரம் அழுத்துகிற மேடுகளில் மட்டும் வெள்ளை ஒட்டியிருக்கும். அந்த வெள்ளையை அராவி எடுத்துவிட்டுத் திரும்பவும் பூசிப் பிடிக்க வேண்டும். இப்படி நூறு தரம். மூன்றாம் நாளே சோக்கட்டி முடிந்துவிட்டது. நான் சாமித்தட்டில் இருந்த திருநீற்றை எடுத்துவிட்டேன். அதைப்போல நைசான தூள் உலகத்தில் இல்லை. கறுப்பு மரத்தில் என்ன வடிவாய்ப் பிடிக்குது தெரியுமா!

என் மனைவி வசந்தி கண்டுவிட்டாள். "துவக்குக்குத் திருநீறா? நீங்க நல்லா வருவீங்க" என்றாள்.

"ஆயுத பூசைக்குப் பூசுறேல்லையா?"

"அதுக்குக் கக்கூசுக்குள்ளயா வெச்சுப் பூசுற?"

நான் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன்.

அராவுகிற நேரமெல்லாம் என் காது கதவில்தான். ஏன் என்று ஆரணிக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். மட்டக்களப்பில் நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது பள்ளிக்கூட விழாவுக்கு ஒரு நாடகம் போட்டோம். எனக்கும் தேவனுக்கும் வேட்டைக்காரர் வேசம். ஆளுக்கொரு கைத்துவக்கு வேண்டும். பூவரசங்கட்டையில் இரண்டு பேருமாகச் செதுக்கினோம். தேவனின் துவக்கு என்னுடையதைவிட அச்சொட்டாக இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட. விழாவுக்கு முதல்நாள் காலை ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். ஆமிக்காரன் படலையைத் திறக்கிற சத்தம் கேட்டதும் என்னுடைய அப்பா குசினிக்கு ஓடினார். என் துவக்கை எடுத்து, சோறு கொதித்துக்கொண்டிருந்த அடுப்புக்குள் தள்ளினார். வந்தவன் பானையைத் திறந்து பார்த்தான், அடுப்பைப் பார்க்கவில்லை. அன்றைக்குத் தேவன் வீட்டில் இன்னும் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். பத்தொன்பது நாள் கழித்துத் தேவன் ஆமி முகாமிலிருந்து திரும்பி வந்தான். எங்கள் வீட்டு அடுப்புக் கதை அவன் காதுக்கும் போயிருந்தது. நாடகத்தைப் பற்றி அவனும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு நாளும் பகிடி அனுப்பிக்கொள்கிறோம். அதை மட்டும் கதைப்பதில்லை.

இனிப் போட்டிக்கு முதல்நாள், சனிக்கிழமை. அராவல் முடிந்துவிட்டது. உள்ளங்கைக் குழி மட்டும் நிரப்ப வேண்டும். அதற்கு இரண்டு நிறத்தில் ஒரு பசை விற்கிறார்கள். இரண்டையும் ரொட்டி மா குழைப்பதுபோலக் குழைத்து அப்ப வேண்டும். அப்பினேன். மேலே சாப்பாடு சுற்றும் பிளாஸ்ரிக் தாளைப் போட்டு, ஆரணி தன் கையால் இறுக்கிப் பிடித்து அச்சு வைத்தாள். "பின்னேரம்வரைக்கும் ஆரும் தொடக்கூடாது. அப்பா, முக்கியமா நீங்கள்" என்று சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போய்விட்டாள்.

பத்து நிமிசம் போயிருக்காது. முன் யன்னலால் பார்க்கிறேன், பொலிஸ் கார். அதிலிருந்து ஒரு பொலிஸ்காரி இறங்கி எங்கள் படியில் ஏறுகிறாள். அழைப்பு மணி.

அப்பா செய்ததையே செய்தேன். யோசிக்கவில்லை, கை தானாகப் போனது. ஆனால் இந்த நாட்டு அடுப்புக்கு வாய் இல்லை, நெருப்பும் இல்லை. கண்ணாடி மேசை மாதிரி ஒன்று, கீழே கேக் வேகவைக்கிற வெதுப்பி, அதற்கும் கீழே சட்டி வைக்கிற இழுப்பறை. இழுப்பறையை இழுத்து, பிரம்பு இடியப்பத் தட்டுகளின் மேல் பிடியைக் குப்புற வைத்து, அதற்கு மேல் ரொட்டிக்கல்லை ஏற்றி, காலால் தள்ளி மூடினேன். பிறகு கும்பிடுகிறவன் மாதிரிக் குசினி நடுவில் நின்றேன்.

வசந்தி கதவைத் திறந்தாள். அவள் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள், பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. என்னுடையது சமையலறைப் பிரெஞ்சு: சூடு, கெதி, பின்னால வாறன், இரண்டு நிமிசம். இவ்வளவும்தான். பொலிஸ்காரிக்கு முப்பது வயது இருக்கும். போன்ஜூர் சொல்லிவிட்டுக் கடகடவென்று கதைத்தாள். வசந்தி தலையாட்டிக்கொண்டே அவளைக் குசினிக் கதிரையில் இருத்தி, நான் தடுக்கமுதலே வெதுப்பியைப் போட்டு, முதல்நாள் பொரித்த ரோல்ஸைச் சூடாக்க வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்தவரை வெறுவாயோடு அனுப்பக்கூடாதாம். வெதுப்பிக்குக் கீழே என் மகளின் மூன்று வாரம் வேகப்போகிறது. நான் அதைச் சொன்னால் வசந்தி பதறி இழுப்பறையைத் திறப்பாள், சொல்லாவிட்டால் பசை உருகும். சூடேறிய வால்நட் வாசம் மெல்ல வந்தது. ரோல்ஸ் வாசம் அதை அமத்தியது.

பொலிஸ்காரி என் பக்கம் திரும்பினாள். நீளமாக ஒரு கேள்வி கேட்டாள். குரலில் அதிகாரம். சமையலறையில் அப்படியொரு குரல் கேட்டால் இருபது வருசமாக என் வாய் ஒரே பதில்தான் சொல்லும். சொன்னது:

"வீ, ஷெஃப்!"

அவள் பேனையை நிறுத்தினாள். வசந்தி என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்க, என்னத்துக்கு ஓமெண்டு சொன்னீங்க தெரியுமா?"

"என்னத்துக்கு?"

"மேல்வீட்டு மடமின்ட சைக்கிளக் காணேல்லையாம். பூட்ட வெட்டிக் கொண்டு போயிட்டாங்களாம். நீங்களா வெட்டின எண்டு கேட்டவ."

விசயம் இதுதான். மூன்று வாரமாகக் காலையில் எங்கள் குளியலறையிலிருந்து அரம் போடுகிற சத்தம் கேட்கிறது என்று மேல்வீட்டுப் பெண் சொல்லியிருக்கிறாள். தண்ணீரும் ஓடுமாம், சத்தமும் கேட்குமாம். நான் ஒளிந்திருந்த அறையின் காற்றுக் குழாய் நேரே அவளுடைய குளியலறைக்குப் போகிறது. பல்கனியில் வெளிச்சத்தில் இருந்து அராவியிருந்தால் பதினெட்டு யன்னலில் ஒன்றும் திறந்திருக்காது.

"அவர் மர வேலை செய்யிறவர்" என்று வசந்தி பிரெஞ்சில் சொன்னாள். அது பொலிஸ்காரியின் முகத்திலேயே எனக்கு விளங்கியது.

"என்ன செய்கிறீர்கள்?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"கரண்டி" என்றேன். "மரக் கரண்டி."

"பார்க்கலாமா?"

சைக்கிள் கள்ளனாகப் போவதா, துவக்குக்காரனாகப் போவதா? என் வாழ்க்கையில் இப்படியொரு தெரிவு வரும் என்று சாத்திரக்காரனும் சொல்லவில்லை. வசந்தி என் கையிலிருந்த மரத்தூளைப் பார்த்தாள், நான் காலால் அணைத்து நின்ற இழுப்பறையைப் பார்த்தாள், விளங்கிக்கொண்டாள். வெதுப்பியை நிற்பாட்டினாள். "எடுத்துக் காட்டுங்க. இது அந்த ஊரில்ல" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

குந்தினேன். சூட்டுத் துணியால் பிடித்துப் பிடியை எடுத்து மேசையில் வைத்தேன். சாமிப் படம் வைக்கிற மாதிரி. இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டேன். அப்படி வைக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

பொலிஸ்காரி அதைப் பார்த்தாள். சூடு ஆறுகிறதா என்று ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக் கையில் எடுத்தாள். விரல் இடுக்குகளில் திருநீறு.

"வால்நட்டா?" என்றாள்.

"ஓம்" என்றேன் தமிழில்.

"கரண்டி இல்லை."

"இல்லை. மகள். போட்டி. நாளைக்கு."

"ஓ" என்று திருப்பி வைத்தாள். அரத்தையும் காட்டச் சொன்னாள். காட்டினேன். இதால் சைக்கிள் பூட்டை வெட்டப் போனால் ஒரு மாதம் செல்லும் என்று சிரித்தாள். வசந்தி தட்டை நீட்டினாள். முட்டை வைத்த பெரிய ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, இதற்கு என்ன பெயர் என்று கேட்டாள். நாங்கள் அதை மிதிவெடி என்போம், மண்ணில் புதைக்கிற வெடியின் பெயர்தான். வசந்தி வாயைத் திறக்கமுதல் மேசைக்குக் கீழே அவளுடைய காலை மிதித்தேன். "எக் ரோல்" என்றேன். இரண்டாவதையும் எடுத்துக்கொண்டாள்.

ஆரணி பின்னேரம் வந்து பிளாஸ்ரிக் தாளை உரித்தபோது நான் பல்கனியில் நின்றேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். பசை உருகவில்லை, சூட்டில் கல்லாக இறுகியிருந்தது. உள்ளங்கைப் பக்கம் முழுக்க இடியப்பத் தட்டின் பிரம்புப் பின்னல் அப்படியே பதிந்திருந்தது. பிடித்துப் பார்த்தாள். பிறகு குழாயில் கையை நனைத்துவிட்டுத் திரும்பவும் பிடித்தாள்.

"அப்பா, வழுக்கேல்ல" என்றாள்.

அடுத்த நாள் போட்டியில் பிடிகளைச் சோதிக்கிறவர் அதை இரண்டு தரம் திருப்பிப் பார்த்து, இந்தப் பின்னலை எந்த உளியால் வெட்டினீர்கள் என்று கேட்டாராம். ரெஜானுக்கும் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் துணிவு வந்து, பிடியைப் படம் எடுத்துத் தேவனுக்கு அனுப்பினேன். 'மகளின்ட' என்று மட்டும் எழுதினேன். இரண்டு நீலச் சரி விழுந்தது. அனுப்பியிருக்கக்கூடாது என்று அழிக்கப் போனபோது பதில் வந்தது.

'இடியப்பத் தட்டாடா? நல்ல காலம், அடுப்புக்குள்ள வெக்கல்ல.'

முப்பத்தேழு வருசத்தில் அவன் அந்த அடுப்பைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. நான் சிரிக்கிற படம் ஒன்றை அனுப்பினேன். வேறு என்ன அனுப்புவது?

கடைசியில் நடந்தது இவ்வளவுதான். படிக்கட்டுக் கம்பிக்குப் பெயின்ற் அடிப்பதற்காக வீட்டுச் சொந்தக்காரர்தான் பூட்டை வெட்டிச் சைக்கிளை நிலவறையில் வைத்திருந்தார். போட்டியில் பதினான்கு பேர், ஆரணி ஒன்பதாவது. வீட்டுக்கு வந்து கையைக் காட்டினாள். உள்ளங்கையில் பிரம்புப் பின்னல் சிவப்பாகப் பதிந்திருந்தது. சாப்பிட்டு முடிக்கிறதுக்குள் மறைந்துவிட்டது.