ஏழாம் விதியை எழுதிய மாசிலாமணி அண்ணன்

துபாய் அல் குசைஸ் தொழிலாளர் கேம்பில் நான் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. ஜெபல் அலி குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய மாசிலாமணி அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அப்படியே சீட்டில் சாய்ந்துவிட்டாராம். நெஞ்சுவலியில் உயிர் போய்விட்டது. அவரைத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எதையும் பாதியில் போட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர்.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனாலும் நம்ம ஊர்ச் சங்கத்தின் சட்டப் புத்தகத்தில் பாதி என் மூளை என்று துபாய் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். உள்ளபடி, அவர் எழுத எழுத நான் டீ வாங்கிக் கொடுத்தேன். ஏழாம் விதி முழுக்க அவருடையது: உறுப்பினர் யாராவது இறந்தால் அந்த வாரமே வீட்டுக்குப் பணம் போக வேண்டும்; அதனால் சங்கம் எக்காலத்திலும் கடன் வாங்கக் கூடாது. "செத்தவன் வீட்டுக்குத் தவணை சொல்லக் கூடாதுடா மாப்ள" என்பார்.

போன வருஷம் செயலாளர் கணேசனுக்கு, சங்கத்தின் பெயரில் ஊரில் கல்யாண மண்டபம் கட்ட ஆசை வந்தது. மூவாயிரம் பேர் உட்காரலாம் என்று கேம்ப் கேம்பாகப் பரப்பியவன் நான்தான், பிளானில் முந்நூறு. கடன் இல்லாமல் முடியாது என்பதால் ஏழாம் விதியைத் திருத்த ஓட்டெடுப்பு வைத்தார்கள். கூட்டத்தில் அண்ணன் எழுந்தார்.

"கணேசா, கட்டிக்கிட்டு இருக்கும்போது எவனாவது செத்தா?"

"நல்ல காரியம் பேசுறப்ப என்னண்ணே இது! எல்லாருக்கும் ஆயுசு இருக்கு."

"உனக்கு இருக்கு. எனக்கு சுகர்தான் இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

டியூட்டிக்குப் போனவனின் ஓட்டை ரூம் தலைவர் எழுதிப் போடுவது நம்ம வழக்கம். அந்த ஞாயிறு அண்ணனுக்கு ஓவர்டைம். "எனக்கு வேண்டாம்னு எழுதிரு" என்று சொல்லி பஸ் ஏறினார். பின்னாலேயே கணேசன் வந்தான். "மாமா, மண்டபக் கல்வெட்டுல உங்க பேரு மூணாவதா வருது." என் ரூமுக்கு நான்தான் தலைவர்; மற்ற ஆறு பேரும் டியூட்டியில் இருந்ததால் எட்டு ஓட்டுச் சீட்டும் என் கையில். எட்டிலும் 'சரி' என்று எழுதினேன். அறுபது ஓட்டில் நாற்பது வேண்டும். சரியாக நாற்பது விழுந்தது.

சாயங்காலம் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே அண்ணன் கேட்டார். "என் சீட்டு?"

"நீங்க சொன்னபடிதாண்ணே."

என்னையே பார்த்தார். "நீ எதைச் சொன்னாலும் கூடவே ஒரு கதை ஒட்டிக்கிட்டு வரும். இதுக்கு ஏன்டா வரல?"

அதற்கு மேல் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

உடலைக் கம்பெனி அனுப்பிவிட்டது. சங்கப் பணம் மூன்று வாரமாகப் போகவில்லை. சந்தா மொத்தமும் வட்டிக்குப் போகிறது. மண்டபம் தூண் மட்டத்தில் நிற்கிறது. "அந்த வாரமே வரும்னு சொல்லுவாரே தம்பி, அவரே எழுதின சட்டமாமே?" என்று அண்ணி கேட்கிறார். "ரெண்டு நாள்ல வந்துரும் அண்ணி" என்று மூன்றாம் முறையாகச் சொன்னேன்.

இந்த ஞாயிறு மறுபடி ஓட்டெடுப்பு. கடன் வரம்பை இரண்டு மடங்காக்க வேண்டுமாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம். "மாசிலாமணி அண்ணன் வீட்டுக்குக் கொடுக்கத்தான் மாமா" என்கிறான் கணேசன். நாளைக்கு இன்னொருவர் சாய்ந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "அப்ப பாத்துக்கலாம்" என்றான்.

என் ரூமில் ஆறு பேரின் சீட்டையும் அவரவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். பட்டியலில் பெயரை இன்னும் அடிக்காததால் அண்ணனுக்கும் ஒன்று வந்தது. அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அதுதான். 'வேண்டாம்' என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். செத்தவருக்கு ஓட்டுக் கிடையாது என்று கணேசன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டுகிறான். அந்த விதியில் மட்டும் இன்னும் யாரும் கை வைக்கவில்லை.