இரண்டு டிஸ்கில் ஒரே படம்

என் ஹார்டு டிஸ்க் செத்துப்போய்ப் பதினைந்து நாள் ஆகியிருந்தபோது அந்த மனிதர் வந்தார். வேப்பம்பட்டுக்காரர், திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். வேலைச் சட்டையோடு ஆவடியில் எங்கள் பிளாட்டுக்கு மூன்று மாடி ஏறி வந்திருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய மகள் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவை நான்தான் வீடியோ எடுத்துக் கொடுத்தேன். கல்யாணம், புதுநன்மை, கோயில் திருவிழா, இவைதான் என் பிழைப்பு. படம் எடுப்பதும் நான், வீட்டில் உட்கார்ந்து எடிட் செய்வதும் நான்.

"சார், அந்த வீடியோ இன்னொரு தபா வேணும். நீங்க குட்த்த பென்டிரைவ் ஓபனே ஆவ மாட்டுது," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "எம் பொஞ்சாதி தவறிட்டா சார். போட்டோலாம் கீது. அவ பேசறது மட்டும் எதுலயும் இல்ல."

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். வாய் வரவில்லை. டிஸ்க் போய்விட்டது, சரிசெய்பவரிடம் கொடுத்தும் ஒன்றும் தேறவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பர்வால்ல சார்," என்றார். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் படியிறங்கிப் போனார். திட்டியிருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பேன்.

புதிதாக இரண்டு எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கினேன். அம்பத்தூரில் ஒரு ஆபீஸின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பனைப் போனில் பிடித்தேன்.

"ரெய்டுன்னு ஒரு செட்டிங் கீது, அதுல ரெண்டையும் ஒண்ணா சேத்து உடு மாமே. ஸ்பீடு பிச்சிக்கும். எடிட்டிங்குக்கு அதான் கரெக்ட்டு."

"ஒண்ணு போச்சுன்னா?"

"ரெண்டும் பூடும்."

"அப்ப வேணாம்."

"சரி, மிர்ரர் போடு. ஒரே ஃபைல் ரெண்டுலயும் ஏறும். ஆனா ஒரு டிஸ்க் எடம்தான் கெடைக்கும், பாத்துக்கோ."

அதுதான் வேண்டும் என்றேன்.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசைமேல் கம்ப்யூட்டரைத் திறந்து படுக்கவைத்தேன். இரண்டு டிரைவையும் மாட்டினால் ஒன்றுதான் தெரிந்தது. கேபிளை மாற்றினேன், மறுபடி மாற்றினேன். மதர்போர்டோடு வந்த புத்தகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால், விண்டோஸ் இருக்கும் டிரைவை நான் செருகியிருந்த இடத்தில் ஏதாவது இருந்தால் கேபிள் மாட்டும் இரண்டு இடங்கள் வேலை செய்யாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. கேபிளை வேறு இடத்தில் மாட்டியதும் இரண்டும் தெரிந்தன.

விண்டோஸ் கிளம்புவதற்கு முன்னால் வரும் பயாஸ் செட்டிங்கில் போய் ரெய்டு என்று மாற்றினேன். விண்டோஸ் கிளம்பவில்லை. நீலத்திரை வந்தது, தானே அணைந்தது, மறுபடி நீலத்திரை. பழையபடி மாற்றினால் கிளம்பியது. நண்பனைக் கேட்டால், "சேஃப் மோடுல வர்ற மாதிரி வச்சிட்டு அப்பறம் மாத்து, ஒரு வாட்டி உள்ள பூந்துட்டா ரெய்டுக்கு வேண்டிய டிரைவர் சாஃப்ட்வேரை அதுவே எடுத்துக்கும்," என்றான். முதல் முறை சரிவரவில்லை. முதுகு விண்விண்ணென்று தெறித்தது.

"சாப்ட்டு வந்து பண்ணா அது ஓடியா பூடும்?" என்றாள் மனைவி. மேசையில் இடமில்லாததால் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்குமேல்தான் விண்டோஸ் ஏறியது. மிர்ரர் போட்டதும் இரண்டு டிரைவும் ஒரே டிரைவாகத் தெரிந்தன. ஒரு கல்யாண வீடியோவை அதில் ஏற்றி, கம்ப்யூட்டரை அணைத்து, ஒன்றின் கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்தேன். ஒரு டிரைவைக் காணோம் என்று எச்சரிக்கை வந்தது. ஆனால் வீடியோ ஓடியது. சந்தோஷப்படத் தெம்பில்லை. கேபிளை மாட்டி, இரண்டும் மறுபடி ஒன்றாகும்வரை அதன் பக்கத்திலேயே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் வீட்டில் மிச்சமிருந்ததையெல்லாம் அதில் ஏற்ற ஆரம்பித்தேன். மெமரி கார்டுகள், பென்டிரைவுகள், கடைசியாகப் பழைய லேப்டாப். அதில் பெயர் வைக்காத ஒரு ஃபைல் இருந்தது. மைக்கில் இரைச்சல் வருகிறதா என்று பார்க்க, அந்தப் புதுநன்மையன்று காலையில் எடுத்துப் போட்ட துண்டு. வெள்ளை கவுன் போட்ட மகளுக்கு முக்காட்டில் பின் குத்திக்கொண்டே அந்த அம்மா பேசுகிறார்: "ஆடாத நில்லு. குத்திச்சின்னா என்னிய சொல்லக்கூடாது. இன்னா சார், இதையும் புட்ச்சிகினு கீறீங்களா?" பிறகு ஒரு சிரிப்பு. பதினோரு வினாடி.

வேப்பம்பட்டுக்காரருக்குப் போன் செய்தேன். சாயங்காலம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஓட விட்டேன்.

"அவ்ளோதானா சார்?"

"அவ்ளோதாங்க."

தலையாட்டினார். "இன்னொரு வாட்டி போடுங்க," என்றார். ஆறேழு முறை போட்டேன். மகள் திரையைப் பார்க்காமல் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவர் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். போகும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நண்பனிடம் இதைச் சொன்னபோது, "மிர்ரர நம்பி குந்திகினு இருக்காத மச்சான். நீ தப்பா அழிச்சா ரெண்டுலயும் சேந்துதான் அழியும். வெளிய ஒரு காப்பி வை," என்றான். அதை அவன் முதலிலேயே சொல்லியிருக்கலாம். இப்போது மூன்றாவதாக ஒரு டிஸ்க் இருக்கிறது. அம்பத்தூரில் அவன் வீட்டு பீரோவில் வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை ரயிலேறிப் போய் எடுத்து வருகிறேன், புதியதை ஏற்றுகிறேன், திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பல மாதம் அலுப்பாகத்தான் இருக்கிறது.